ரத்தினபுரிக்கு பஸ் எங்கே நிற்கும்?

இந்த வாரப் பை முழுக்க நெய்வேலி நகரியத்துக் கடிதங்கள். எந்த சேனலோ பழைய ராஜா படம் ஒன்றைப் போட்டு, ஊரே உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும்.

ரத்தினபுரி, மலர்புரி, வஞ்சிக்கோட்டை... ராஜா படங்களில் வரும் இந்த நாடுகள் எந்தக் கண்டத்தில் இருக்கின்றன? (வாசகர், வட்டம் 9)

கோடம்பாக்கம் கண்டத்தில். நான்கு எல்லையும் ஸ்டூடியோ மதில். பூர்வீகம் மட்டும் ஐரோப்பா. 1958-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். சிவாஜியின் 'உத்தம புத்திரன்', அலெக்சாந்தர் தூமாவின் இரும்பு முகமூடிக் கதை. 'வஞ்சிக்கோட்டை வாலிபன்', அதே தூமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபுவைப் படித்துவிட்டு ஜெமினி கதை இலாகா விரித்தது. எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்', ஆண்டனி ஹோப் 1894-இல் எழுதிய ஜெண்டா கைதியின் தூரத்துச் சொந்தம். ஹோப்பின் ருரிடேனியாவே கற்பனை நாடுதான். அதற்குப் பேரன் முறை 'நாடோடி மன்னன்' நடக்கும் நம் ரத்தினபுரி. ஒரே வருஷத்தில் மூன்று ஐரோப்பிய அரச குடும்பங்கள் சென்னையில் வந்து இறங்கி, அடுக்குமொழித் தமிழ் பேசிவிட்டுப் போயின. விசா கேட்டவர் யாருமில்லை.

அந்த நாட்டின் தேசிய உடை என்ன? (தையற்கடைக்காரர், மெயின் பஜார்)

தொழில்காரர் கேட்கிறீர்கள், கீழிருந்து சொல்கிறேன். முழங்கால் வரை பூட்ஸ். அதற்குள் செருகிய இறுக்கமான கால்சட்டை. ஒரு சாண் அகல பெல்ட். தோளில் உப்பி மணிக்கட்டில் இறுகும் கை வைத்த சட்டை, அதன் மேல் சரிகை வைத்த வெல்வெட் அரைக்கோட்டு. முதுகில் ஒரு போர்வை. சண்டை தொடங்கும் முன் அதைக் கழற்றி வீசுவது மரபு. இதுவரை ஐரோப்பா. கழுத்துக்கு மேலே தமிழ்நாடு: நெற்றியில் திலகம், காதில் குண்டலம், அரும்பு மீசை. ராணியம்மாவுக்கு கவுன் மாதிரி விரிந்த பாவாடை, தலையிலிருந்து தொங்கும் மெல்லிய துணி, ஆனால் பொட்டு கட்டாயம். காவலாளிகள் பாடுதான் பாவம். அவர்களுக்குத் தகர மார்புக்கவசம். விழும்போது சத்தம் கேட்கும்.

சேர சோழ பாண்டியர் இருக்க, ஏன் சார் இந்த பூட்ஸும் கோட்டும்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வட்டம் 18)

ஐயா, முதல் காரணம் கத்தி. மெல்லிய நீளக் கத்தியை வைத்துக்கொண்டு மாடிப்படியில் பின்னோக்கி ஏறிச் சண்டை போட வேண்டும். வேட்டியோடு ஏறிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் நீங்கள்தான். கதாநாயகனைச் சோழன் என்று சொல்லியிருந்தால் மறுநாளே கல்வெட்டும் கையுமாக வந்து நின்றிருப்பீர்கள். அந்த நூற்றாண்டில் ஏது பொத்தான், ஏது தோல் பூட்ஸ் என்று கேட்டிருப்பீர்கள். ரத்தினபுரி மன்னன் என்று சொல்லிவிட்டால் கேட்க ஆளில்லை. அதற்குக் கல்வெட்டு கிடையாது.

மூன்றாவதுதான் முக்கியம். ஊர் பேர் தெரியாத நாட்டில் நின்றுகொண்டு உள்ளூர் அரசாங்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டலாம். 1957 தேர்தலில் முதல்முறை நின்ற தி.மு.க. 15 இடம் பிடித்தது. மறு வருஷம் ஆகஸ்டில் அந்தக் கட்சிக்காரர் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' வந்தது. மன்னன் மாதிரியே முகமுள்ள வீராங்கன் என்ற சாதாரண ஆள் சிம்மாசனத்தில் உட்கார்ந்து, ஏழைகளுக்கு என்னென்ன செய்யப்போகிறோம் என்று சட்டம் சட்டமாக அறிவிக்கிறான். அரைக்கோட்டு போட்ட அந்த எம்.ஜி.ஆர். கோட்டையில் நிஜமாகவே முதலமைச்சராக உட்கார்ந்தது 1977-இல். பத்தொன்பது வருஷம் முன்னாலேயே ஒத்திகை. உலகத்தில் வேறெந்தக் கற்பனை நாட்டின் அரசனுக்கும் இந்த வேலை உயர்வு கிடைத்ததாகத் தெரியவில்லை. ருரிடேனியாவில் அரசனாக நடித்த ரொனால்ட் கோல்மன் கடைசிவரை நடிகர்தான்.

ரத்தினபுரியின் கொடி என்ன நிறம்? (பிளஸ் டூ மாணவி, வட்டம் 4)

'நாடோடி மன்னன்' படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளை, ஆகவே அரசாங்க ரகசியம். சரோஜாதேவி வந்த பிறகுதான் நாட்டுக்கே கலர் வருகிறது. ஆனால் படம் தொடங்கும் முன், எம்.ஜி.ஆர். பிக்சர்ஸ் சின்னத்தில் ஓர் ஆணும் பெண்ணும் கொடியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். அது எந்தக் கட்சிக் கொடி என்பதில் தியேட்டரில் யாருக்கும் சந்தேகமில்லை.

தேசிய கீதம்? (அதே மாணவி)

விடமாட்டீர்கள் போலிருக்கிறது. நம்முடையதையே கேட்கலாமே. தமிழ்த்தாய் வாழ்த்து எங்கிருந்து வந்தது? 1891-இல் சுந்தரம் பிள்ளை எழுதிய 'மனோன்மணீயம்' நாடகத்தின் பாயிரத்திலிருந்து. நாடகக் கதையோ லிட்டன் பிரபுவின் 'இரகசிய வழி' என்ற ஆங்கிலக் கதை. அதற்குப் பாண்டிய நாட்டு உடுப்பு மாட்டியிருக்கிறார் பிள்ளை. 1970-இல் அரசு விழாப் பாடலாகி, 2021-இல் மாநிலப் பாடலும் ஆயிற்று. ஆக, பூட்ஸ் போட்ட ராஜாக்களை ஐரோப்பிய இறக்குமதி என்று கேலி செய்ய நினைப்பவர்கள் எழுந்து நின்றுகொண்டே செய்யலாம்.

கோட்டு போட்ட நிஜத் தமிழ் ராஜா உண்டா? (வாசகர், மந்தாரக்குப்பம்)

புதுக்கோட்டை. சினிமாக்காரர்களுக்குத் தோன்றாத கதை. மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915-இல் ஆஸ்திரேலியாவில் மாலி ஃபிங்க் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். வெள்ளைக்கார சர்க்கார் அவரை ராணியாக ஏற்க மறுத்தது. பிறந்த பையனுக்கும் பட்டம் கிடையாது என்றாயிற்று. ராஜா ஊரைவிட்டே போய் கடைசியில் பிரான்ஸில் தங்கி, 1928-இல் பாரீஸில் காலமானார். எங்கோ பிரான்ஸில் தமிழ் ராஜா கோட்டும் சூட்டுமாக நடந்துகொண்டிருக்க, இங்கே புதுக்கோட்டையில் அவருடைய அம்மன் காசு புழங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாட்டுக்குத் தனிக் காசும் இருந்து, ராஜா மட்டும் வெளியூரில்! 'நாடோடி மன்னன்' படத்தில் நிஜ ராஜாவுக்கு என்ன பெயர் தெரியுமா? மார்த்தாண்டன். தற்செயலாகத்தான் இருக்கும், ஆனாலும் விட மனசில்லை.

பாண்டிச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பி? (வாசகர், வட்டம் 27)

பிரெஞ்சு ஆட்சி 1954-இல் கைமாறியது, 1962-இல் சட்டப்படி முடிந்தது. தொப்பி இன்னும் ரிட்டயர் ஆகவில்லை. அந்தத் தொப்பிக்கு மட்டும் யாரும் எதிர்ப்பு மனு போடாததற்குக் காரணம், அது அழகாக இருப்பதுதான்.

நெய்வேலியைத் தனி நாடாக அறிவித்தால் எங்கள் தேசிய உடை எது? (இரவு ஷிப்ட் ஊழியர்)

ஹெல்மெட், சேஃப்டி ஷூ, கழுத்தில் அடையாள அட்டை. தூங்கும்போதும் அட்டை கழுத்தில் கிடக்கும், அதுதான் பரம்பரை நகை. யோசித்தால் மற்றதெல்லாம் தயார். எல்லைச் சாவடிக்கு ஆர்ச் கேட். நகரசபைக்குப் பதில் நிர்வாக அலுவலகம். 16-வது வட்டத்து நடராஜர் கோயிலில் ஆராய்ச்சி மணி தொங்குகிறது, மனு போட்டுவிட்டு அடிக்கலாம். மனுநீதிச் சோழனுக்குப் பிறகு இந்த வசதி உங்களுக்குத்தான். ஐரோப்பிய வம்சாவளியும் உண்டு: அனல்மின் நிலையம் ரஷ்யக்காரர்கள் உதவி, சக்கரம் சுற்றி மண் வெட்டும் ராட்சச இயந்திரங்கள் ஜெர்மன் சரக்கு. 1957 மே 20-இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். சென்னையில் ரத்தினபுரிக்கு செட் போட்ட அதே காலத்தில், இங்கே நேர்கோட்டுத் தெருவும் எண் போட்ட வட்டமுமாக ஒரு நாட்டுக்கே செட் போட்டார்கள். அட்டையில் செய்தது பிரிக்கப்பட்டுவிட்டது. செங்கல்லில் செய்ததில் நீங்கள் குடியிருக்கிறீர்கள்.

அந்த நாட்டில் எங்களுக்குக் குடியுரிமை உண்டா? எங்கள் தாத்தா நிலத்தில்தான் சுரங்கம் இருக்கிறது. நான் ஒப்பந்தத் தொழிலாளி. (கையெழுத்தில்லாத அஞ்சலட்டை)

இதற்கு ஜோக் வரவில்லை. நிலக்கரி இருப்பதை ஊருக்குக் காட்டியவர் ஜம்புலிங்க முதலியார். கிணற்றில் கறுப்புத் தண்ணீர் வந்ததைப் பார்த்து விடாமல் துரத்தியவர், சொந்த நிலத்தையும் கொடுத்தவர். அவருக்குச் சிலை இருக்கிறது. உங்கள் தாத்தா மாதிரி நிலம் விட்ட ஆயிரக்கணக்கான பேருக்குச் சிலை வேண்டாம், வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை போதும் என்றுதான் கேட்கிறார்கள். பல வருஷமாகக் கேட்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நிற்கும்போதே சுரங்கத்துக்காக வயலுக்குள் இயந்திரம் இறங்கியதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். ரத்தினபுரியில் இப்படி நடந்திருந்தால் மூன்றாவது ரீலில் வீராங்கன் குதிரையில் வந்திருப்பான். இங்கே நீங்களே மறுபடி மறுபடி மறியலுக்கு வரவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் சுரங்கத்துக்கு விஜய் வந்தபோது வண்டி மேல் ஏறி செல்ஃபி எடுத்தாரே, அது எந்த வகை? (வாசகி, வட்டம் 11)

'மாஸ்டர்' படப்பிடிப்பு, 2020 பிப்ரவரி. ராஜா உப்பரிகையில் நின்று குடிகளுக்குக் காட்சி தருவது பழைய வகை. குடிகள் முழுக்க ஒரே படத்தில் விழும்படி ராஜாவே போட்டோ எடுத்துக்கொள்வது புது வகை.

வடிவேலுவின் 'இம்சை அரசன்' எந்த நாட்டு நாகரிகம்? (வாசகர், வட்டம் 2)

2006-இல் நம் எல்லோருடைய நாகரிகமும்.

'பாகுபலி'யில் அந்தக் காட்டுக் கூட்டம் பேசுவது நிஜ மொழியா? (வாசகர், இந்திரா நகர்)

மதன் கார்க்கி இலக்கணத்தோடு உருவாக்கிய கிளிக்கி. எம்.ஜி.ஆர். காலத்தில் அயல்நாட்டானும் செந்தமிழ் பேசினான். இப்போது வில்லனுக்குக்கூடத் தனி மொழி, தனி அகராதி. அடுத்து அவர்களுக்கு ஒரு மொழிப் போராட்டம் வந்தால் நாடு முழுமையடையும்.

ரிட்டயர் ஆகிறேன், குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். இந்த நாடுகளில் எதில் குடியேறலாம்? (மூத்த ஃபோர்மேன், வட்டம் 21)

'ஆயிரத்தில் ஒருவன்' நெய்தல் நாடு வேண்டாம். அங்கே டாக்டரையே அடிமையாக விற்றார்கள், ஃபோர்மேன் எம்மாத்திரம். வஞ்சிக்கோட்டையில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் போட்டி போட்டு ஆடுவார்கள், பி.எஸ்.வீரப்பா பக்கத்து சீட், ராத்திரி தூக்கம் வராது. ரத்தினபுரி பரவாயில்லை, மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஆனால் பூட்ஸ் நீங்களே கொண்டுபோக வேண்டும். சேஃப்டி ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.