அசையாதே மாமா

மயிலாப்பூர், மாம்பலம், நங்கநல்லூர், எந்தப் பேட்டையானாலும் தெருவுக்கு ஒருவர் இருப்பார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். பொறுப்பிலிருந்து பெற்றிருக்க மாட்டார். இந்திய அணி ஜெயிப்பதும், சபாவில் பாடகருக்குக் குரல் எழும்புவதும் தம்மால்தான் என்று மனதார நம்புகிறவர். வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். அடக்கம்.

மேட்ச் நாளில் அவர் வீட்டுப் பக்கம் போகாமலிருப்பது உத்தமம். நீங்கள் நுழைகிற நேரம் பார்த்து ஒரு சிக்ஸர் போய்விட்டால் தீர்ந்தது. ஒரு கால் படியிலும் ஒரு கால் கூடத்திலுமாக நிற்க வேண்டியதுதான். "அசையாதே! அப்படியே இரு!" உள்ளே குக்கர் ஆறாவது விசிலையும் தாண்டிக் கதறும். "ஏன்னா, எழுந்து அணைச்சுட்டு வந்துடறேனே" என்று மாமி கெஞ்சுவார். "பார்ட்னர்ஷிப் அம்பதைத் தாண்டட்டும்!" அன்றைக்குச் சாதம் குழைந்து கூழாகும். அதையும் தேசத்துக்காகச் சாப்பிடுவார்.

1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோமே, அந்த டெஸ்ட்! முதுகுவலியோடு 136 அடித்த சச்சின், ஜெயிக்க இன்னும் 17 ரன் இருக்கையில் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரம் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அப்புறம் மொத்தமே 4 ரன்தான் வந்தது. அரங்கமே எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கைதட்டியது, அது ஊருக்குப் பெருமை. நம்மவருக்கோ அது இன்றுவரை தீராத பாவக் கணக்கு: "நான்தான் மோர் குடிக்க எழுந்தேன்." விசாரித்தால், இதே குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். ஒருவர் போன் எடுத்தாராம். ஒருவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாராம். சக்லைனுக்குத்தான் பாவம், இதில் பங்கே இல்லை.

பரிகாரம் கிடைக்க 2008 டிசம்பர் 15 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே சேப்பாக்கம், எதிரில் இங்கிலாந்து, இலக்கு 387. சீசன் நேரம் வேறு. மாமா இலவச மத்தியானக் கச்சேரியில், மின்விசிறிக்கு நேர் கீழே. வலது கை தொடையில் ஆதி தாளம். இடது காதில் இயர்போன். சச்சின் பவுண்டரி அடித்து, தன் சதத்தையும் வெற்றியையும் ஒரே பந்தில் முடித்தபோது, "பலே!" என்று மாமா அலறிவிட்டார். மேடையில் அந்த இளம் பாடகர் அப்போது தொண்டையைத்தான் செருமிக்கொண்டிருந்தார். இருந்தாலும் கைகூப்பினார்.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் மற்றவர்கள் கான்டீனுக்கு நழுவுவார்கள். இவர் போகமாட்டார். போனால் கோர்வை சமத்தில் வந்து விழாதாம். சும்மாவும் இருக்கமாட்டார். "மானாமதுரைக் கடத்துக்கு மட்டும் ஏன் ஓய் இந்த நாதம்?" என்று பக்கத்து நாற்காலியின் விலாவில் இடிப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள், "உஸ்ஸ், கச்சேரி நடக்கறது!"

பக்தியிலும் குறை கிடையாது. ஆனால் கணக்கு உண்டு. கடைசி ஓவரில் 16 ரன் தேவையென்றால் பிள்ளையாருக்கு 108 தேங்காய். 4 ரன் போதுமென்றால் ஒன்றே ஒன்று. முதல் பந்திலேயே பவுண்டரி போய்விட்டால் அந்த ஒன்றும் யோசனைக்குரியது. அண்ணா நகரில் கிரிக்கெட் பிள்ளையாருக்குக் கோயிலே இருக்கிறது. போய் வரலாமே என்றால் முகம் சுளிப்பார். அங்கே போனால் ஜெயித்த பெருமை பூரா பிள்ளையாருக்குப் போய்விடுமே!

"லாகூரிலும் உங்களை மாதிரி ஒருத்தர் அசையாமல் உட்கார்ந்திருப்பாரே மாமா, அப்போது என்ன ஆகும்?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"இருப்பார், இருப்பார்" என்றார், தீர யோசித்து. "ஆனா அவருக்கு மூட்டுவலி. ரொம்ப நாழி தாங்கமாட்டார்."