மூணாந்தடவையும் மொதப் பக்கமா?

ஏலே பேராண்டி, கருக்கல்லருந்து தார்சாவுல உக்காந்து 'ஐ கோ, யூ கோ, ஹீ கோஸ்'னு கத்துதியே, தெருவுல போற ஆடுகூட 'கோஸ்' வந்ததும் தலையாட்டிட்டுப் போகுது. ஆறாங்கிளாஸ்லயும் இதத்தான் கத்துனே, பன்னெண்டுலயும் இதத்தான். இப்ப ஐஇஎல்டிஎஸ் எழுதப் போறேங்கே, அதுக்கும் இதேதான். தெரிஞ்சதையே திரும்பப் படிக்கதுல ஒரு சொகம் உண்டு, ஒத்துக்கிடுதேன். தப்பே வராது பாரு.

எனக்கென்னல தெரியும், ஆடு மேய்ச்சவன். ஆனா மத்தியானம் நீ கொறட்டை விடும்போது உன் நீல இங்கிலீஷ் இலக்கணப் புஸ்தகத்தைப் புரட்டிப் பாத்தேன். ரேமண்ட் மர்ஃபி எழுதுனது, 1985-ல மொதப் பதிப்பு. எடதுபக்கம் விளக்கம், வலதுபக்கம் பயிற்சி. எடதுபக்கம் பூரா மஞ்சக்கோடா இழுத்துத் தள்ளியிருக்கே. வலதுபக்கம்? சவம், பேனா பட்ட தடமே இல்ல. அதுவும் மொதப் பத்துப் பாடத்தோட சரி. அதுக்கு மேல தாளெல்லாம் கடையில வாங்குன மேனிக்கே இருக்கு.

கடைசியில 'ஸ்டடி கைடு'னு சில பக்கம் இருக்கே, பாத்தியா? வரிசையாக் கேள்வி. எதுல உனக்குச் சந்தேகமோ அதுக்கு நேராப் போட்டிருக்க பாடத்தை மட்டும் படிச்சாப் போதும். வரிசையாப் படிக்க வேண்டாம்னு அந்த மனுசனே முன்னுரையில சொல்லிட்டாரு. முன்னுரையை எவன் படிக்கான்!

உன் தப்பு என்னென்னனு எனக்கே தெரியும்ல. போன்ல பேசுதியே, ஊருக்கே கேக்குது. 'ஐ ஆம் லிவ்விங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'ங்கே. நம்ம பாஷையில 'அஞ்சு வருஷமா இங்கதான் இருக்கேன்'னு நிகழ்காலத்துலயே முடிச்சிருதோம், அதை அப்படியே தூக்கி அங்க கொண்டு வைக்கே. வெள்ளைக்காரனுக்கு 'ஐ ஹேவ் பீன் லிவ்விங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'னு சொன்னாத்தான் திருப்தி. எத்தனை காலம்ங்கிறதுக்கு 'ஃபார்', எப்பத்திலருந்துங்கிறதுக்கு 'சின்ஸ்'. சரி, 'ஹேவ்' வந்துட்டுதேனு அதையே 'ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே'னு இன்னொரு எடத்துலயும் செருகுதே. நேத்துனு நாளைச் சொல்லியாச்சுன்னா ஹேவுக்கு அங்க என்ன சோலி? 'ஐ சா ஹிம்'னு விட்டுட்டுப் போ. அப்புறம் 'டிஸ்கஸ் அபௌட்', 'ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்', 'டூ யூ நோ வேர் இஸ் ஹீ'. மொத்தமே அஞ்சாறு தப்புதான், வருஷக்கணக்கா அதே அஞ்சாறு. களையில்லாத பாத்தியையே தெனமும் கொத்திட்டு வீட்டுக்கு வந்து கையை உதறுத ஆளு நீ.

வார்த்தை சேக்கதுலயாவது புத்தி இருக்கானு பாத்தா, 'ப்ளெத்தோரா'வாம், 'யுபிக்விட்டஸ்'ஸாம். டீக்கடையில போய் 'ப்ளெத்தோரா ஆஃப் வடை'னு கேளு, தருவான். அந்த ஐஇஎல்டிஎஸ் பேச்சுப் பரீட்சையில மார்க்கை நாலு சமபங்கா வச்சிருக்கான்: தடங்கலில்லாத பேச்சு, வார்த்தை, இலக்கணம், உச்சரிப்பு. பொருந்தாத எடத்துல பெரிய வார்த்தையைப் போட்டா ஒரு பங்கும் கூடாது. மைக்கேல் வெஸ்ட்னு ஒருத்தர், வங்காளத்துல இருந்து பாடம் சொன்னவரு, 1953-ல சுமார் ரெண்டாயிரம் வார்த்தையைப் பொறுக்கிப் பட்டியல் போட்டாரு. எல்லாம் 'கெட்', 'மேக்', 'புட்' மாதிரி சில்லறைதான். ஆனா 'புட் ஆஃப்'னா தள்ளிப்போடுதது, நீ தெனமும் செய்யுதது. 'புட் அப் வித்'னா சகிச்சுக்கிடுதது, உங்க ஆச்சி என்கிட்ட தெனமும் செய்யுதது. இதுல ஒண்ணாவது உன் வாயில வந்திருக்கா? வார்த்தையை ஒத்தையாப் பிடிக்காதல, சோடியோட பிடி. மிஸ்டேக்கை வெள்ளைக்காரன் 'மேக்' பண்ணுவான், 'டூ' பண்ண மாட்டான். மழைன்னா 'ஹெவி', டீன்னா 'ஸ்ட்ராங்'.

'படிச்சேன் தாத்தா, மறந்துட்டு'ங்கே. மறக்கத்தான் செய்யும். எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரன் அர்த்தமில்லாத அசையா மனப்பாடம் பண்ணி, எவ்வளவு சீக்கிரம் மறக்குதுனு தன்னையே சோதிச்சு 1885-லயே எழுதி வச்சிட்டான். மொத நாளே பாதிக்கு மேல பறந்துருதாம். அதுக்கு லைட்னர்னு இன்னொருத்தன் 1970-கள்ல ஒரு வழி சொன்னான். உங்க ஆச்சியோட காலி மருந்து டப்பா மூணு எடுத்துக்கோ. துண்டுச்சீட்டுல ஒருபக்கம் உன் தப்பு வாக்கியம், மறுபக்கம் சரியானது. சரியாச் சொன்னா சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும், அதைச் சில நாள் கழிச்சுப் பாத்தாப் போதும். தப்பாச் சொன்னா திரும்ப மொத டப்பா, நாளைக்கே பாக்கணும். மறுபக்கத்தைத் திருப்பிப் பாக்கதுக்கு முன்னால வாயைத் தொறந்து சொல்லணும், தெரியுமா? பாத்துட்டு 'ஆமா, இது எனக்குத் தெரியுமே'ங்குத சோலியெல்லாம் வேண்டாம்.

வெயில்தாழ அந்த ஸ்டடி கைடை எழுது. விடைப் பக்கம் என் மடியில இருக்கும், எழுத்துக்கூட்டி ஒத்துப் பாக்க எனக்கு வரும். தப்புக்கு ரெண்டு ரூவா. ஒரு கவுளி வெத்தலைக்கு மொத நாளே தேறிரும்னு உங்க ஆச்சிகிட்ட சொல்லிட்டேன்.