வாளிக்குள் விழுந்த சோப்பின் இருப்பிடம் பற்றி

வாளித் தண்ணீருக்குள் விழுந்த சோப்புக்கு இருப்பிடங்கள் இரண்டு: அது கிடக்கும் இடம், அது தெரியும் இடம். குளிப்பவர் கை முதலில் போவது இரண்டாவதற்கே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இங்கு ஆய்வுப்பொருள்.

நேர்மேலிருந்து பார்த்தால் தண்ணீரின் ஆழம் முக்கால் பங்காகவே தெரியும். 32 செ.மீ. ஆழத்தில் கிடக்கும் சோப்பை 24 செ.மீ. ஆழத்தில் கிடப்பதாகக் கண் கணக்கிடும். தள்ளி நின்று சாய்வாகப் பார்த்தால் சோப்பு இன்னும் மேலேறும். காற்றில் நொடிக்குச் சுமார் 3,00,000 கி.மீ. போகும் ஒளி, தண்ணீரில் 2,25,000 கி.மீ. மட்டுமே போகிறது. இந்த விகிதமே தண்ணீரின் ஒளிவிலகல் எண், 1.33. சாய்வாக வெளியேறும் கதிர், வேகம் கூடுவதால் செங்குத்துக்கோட்டை விட்டு விலகி மடங்குகிறது. கண்ணோ அது நேராகவே வந்ததாக நம்பிப் பின்னோக்கிக் கோடு இழுக்கிறது. (கண்ணைக் குறை சொல்வதற்கில்லை, அதன் பழக்கமெல்லாம் காற்றோடுதான்.) தேங்காயெண்ணெயின் எண் சுமார் 1.45. அதே ஆழத்துக்கு எண்ணெய் இருந்தால் சோப்பு 22 செ.மீ.யில் தெரியும், ஆனால் ஒரு வாளி எண்ணெயை ஆய்வுக்கு ஒதுக்க எந்தக் குடும்பமும் இசையாது.

முன்னோடிகள் சோப்பில் நாட்டம் காட்டியதாகத் தெரியவில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் தாலமி, பாத்திரத்தில் நாணயத்தைப் போட்டுத் தண்ணீர் ஊற்றும் சோதனையை விவரித்தார். கோணங்களை அளந்து அட்டவணையும் போட்டார். விதி மட்டும் சிக்கவில்லை. பாக்தாதின் இப்னு சஹல் 984இல் அதை வடிவியல் வழியே எட்டினார். நெதர்லாந்தின் ஸ்னெல் 1621இல் கண்டும் அச்சிடாமலே காலமானார். டெக்கார்ட் 1637இல் அச்சிட்டார். அச்சிடாதவர் பெயரே விதிக்கு நிலைத்தது.

ஆனால் சோப்பு பிடிபடாத பழி முழுவதையும் ஒளிமேல் போட முடியாது. தண்ணீருக்குள் நுழைந்த கையும் அதே விதிக்கு உட்பட்டதே. சோப்பை நெருங்க நெருங்க விரல்களும் அதேபோல் மேலேறித் தெரியும். ஆகவே தெரியும் கை தெரியும் சோப்பைத் தொடும்போது, உள்ள கை உள்ள சோப்பைத் தொட்டாக வேண்டும். ஒளியின் குற்றம் முதல் பாய்ச்சலோடு சரி. தொட்ட பிறகும் நழுவினால் அது வழுவழுப்பைச் சேர்ந்த விவகாரம், உராய்வியலாருக்கு உரியது.

கலங்கிய நிலைமை வேறு. கை நுழைந்ததும் மேற்பரப்பு அலைகளாக உடைய, ஒவ்வொரு சாய்விலும் கதிர் ஒவ்வொரு பக்கம் மடங்கி ஒரே சோப்பு பல சோப்புகளாக நெளியும். எனவே அலை அடங்கும்வரை பொறுத்து, வாளிக்கு நேர்மேலே குனிந்து, தெரியும் ஆழத்தோடு அதில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக் கை நீட்டுவதே முறை. அதிகம் பொறுத்தால் சோப்பு கரைந்து தண்ணீர் வெளுத்துவிடும். அப்போது ஒளி சிதறிப்போவதால் முக்கால் பங்குக் கணக்கு செல்லாது, துழாவ வேண்டியதுதான்.