குறுக்கே நின்றவர்களின் வரலாறு

1835ல் பாரிஸில் ஒரு பெரிய மனிதர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பெயர் ஒகுஸ்த் கோம்த். எது அறிவு, எது வெட்டிப்பேச்சு என்று தத்துவத்தில் எல்லைக்கல் நட்டவர். நட்சத்திரங்களின் தூரத்தை அளக்கலாம், பருமனைக் கணிக்கலாம், ஓட்டத்தைச் சொல்லலாம். ஆனால் அவை எதனால் ஆனவை என்பது மட்டும் மனிதனுக்கு என்றைக்கும் தெரியப்போவதில்லை என்று அச்சிலேயே ஏற்றிவிட்டார்.

அவர் இதை எழுதியபோது விடைக்கான சாவி இருபது வருஷமாக வெளியே கிடந்தது. பவேரியாவில் யோசஃப் ஃப்ரான்ஹோஃபர் என்ற கண்ணாடித் தொழிலாளி சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, வண்ணங்களுக்கு நடுவே 574 கறுப்புக் கோடுகளை எண்ணி வைத்திருந்தார். ஏன் கோடு என்பது அவருக்கும் தெரியாது. கோம்த்தோ 1838 வாக்கில் ‘மூளைச் சுகாதாரம்’ என்று ஒரு விரதம் எடுத்து, மற்றவர்கள் எழுதியதைப் படிப்பதையே விட்டுவிட்டார். 1857ல் காலமானார். இரண்டே வருஷத்தில், ஹைடல்பெர்க்கில் கிர்ஹாஃபும் புன்சனும் முடிச்சை அவிழ்த்தார்கள்: ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று சில நிறங்களை விழுங்குகிறது, கறுப்புக் கோடு என்பது விழுங்கியவரின் கையெழுத்து. கோம்த்துக்கு நல்ல நேரம், இதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

நட்சத்திரக் கணக்கு இப்படித் தீர்ந்தது. தொலைதூர விண்மீன் திரள்களில் மிதக்கிற வாயுவின் கதை வேறு. அது குளிர்ந்து, இருண்டு, யாருக்கும் தெரியாமல் கிடக்கிறது. அதைப் பார்க்க ஒரே வழி, அதற்குப் பின்னால் ஒரு விளக்கு எரிய வேண்டும். டூரிங் டாக்கீஸில் புரொஜக்டருக்கு முன்னால் எழுந்து நிற்கும் ஆளின் தலை திரையில் விழுமே, அந்த மாதிரி. குடுமியா கிராப்பா என்று நிழலைப் பார்த்தே சொல்லிவிடலாம். சிக்கல், பிரபஞ்சத்தின் அந்தக் கோடியில் புரொஜக்டர் எங்கே கிடைக்கும் என்பதுதான்.

1962 ஆகஸ்ட் 5ல் அது கிடைத்தது. கிடைத்தது அப்போது யாருக்கும் தெரியாது. 3சி 273 என்ற ரேடியோ மூலத்தை அன்று நிலா மறைக்க இருந்தது. மறைகிற நொடியைக் குறித்தால் மூலத்தின் இடம் துல்லியமாகக் கிடைக்கும் என்பது வானியலாளர் சிரில் ஹஸார்டின் கணக்கு. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸில் 64 மீட்டர் ரேடியோ தொலைநோக்கி தயாராக நின்றது. ஆனால் அந்த வேளையில் நிலா அடிவானத்தை ஒட்டி இறங்கிவிடும். தொலைநோக்கி அவ்வளவு சாயாது. இயக்குநர் ஜான் போல்ட்டன் அசரவில்லை. சாய்வைத் தடுக்கிற போல்ட்டுகளைக் கழற்றி, பார்வையை மறைத்த மரத்தை வெட்டி, கிடைத்த பதிவை ஒன்றுக்கு இரண்டாக்கி இரண்டு வெவ்வேறு விமானங்களில் சிட்னிக்கு அனுப்பியதாகப் பின்னாளில் அவரே கதை சொன்னார். அரசாங்கச் சொத்தைக் கவிழ்க்கப் பார்த்த குற்றத்துக்கு விசாரணை ஏதும் நடந்ததாகத் தெரியவில்லை.

குறித்த இடத்தில் இருந்தது சாதாரண நட்சத்திரம் போல ஒரு புள்ளி. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை எடுத்தார். கோடுகள் எந்தத் தனிமத்தோடும் ஒட்டவில்லை. அவருடைய சகா ஜெஸ்ஸி கிரீன்ஸ்டைனுக்கு இதே தலைவலி 3சி 48 என்ற இன்னொரு புள்ளியில். அவர் ஷ்மிட்டைப் போலத் தயங்கவில்லை. வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சம், அதில் அபூர்வத் தனிமங்கள் என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதிப் பத்திரிகைக்கும் அனுப்பிவிட்டார்.

1963 பிப்ரவரி 5. கோடுகளின் இடைவெளியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஷ்மிட்டுக்குத் திடீரென்று பொறி தட்டியது. அபூர்வமும் இல்லை, ஒன்றும் இல்லை, ஹைட்ரஜன்! பிரபஞ்சத்தில் அதைவிட மலிவான சரக்கே கிடையாது. வழக்கமான இடத்தை விட்டு 16 சதவீதம் சிவப்புப் பக்கம் தள்ளி நின்றதால்தான் உலகத்தின் ஆகச் சிறந்த வானியலாளர்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று. ஒளி கிளம்பி வருவதற்குள் பிரபஞ்சம் விரிந்து, அலையையும் இழுத்துவிட்டது. அதாவது அந்தப் புள்ளி இருப்பது இருநூறு கோடி ஒளியாண்டுக்கும் அப்பால். ஷ்மிட் கிரீன்ஸ்டைனைக் கூப்பிட்டுச் சொல்ல, சில நிமிஷங்களில் 3சி 48ன் கணக்கும் விழுந்தது: 37 சதவீதம். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அபூர்வத் தனிமங்களும் அதோடு போயின.

1964ல் வானியற்பியலாளர் ஹாங்-யீ சியூ இந்தப் புள்ளிகளுக்கு ‘குவாசர்’ என்று பெயர் வைத்தார். ஊரெல்லாம் கூப்பிட்டது; ‘ஆஸ்ட்ரோபிசிகல் ஜர்னல்’ மட்டும் கூப்பிடவில்லை. ஏனென்றால் ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர் சென்னை மாநிலக் கல்லூரி தந்த சுப்ரமணியன் சந்திரசேகர். 1970ல் ஷ்மிட்டின் கட்டுரை ஒன்றில்தான் அந்தச் சொல்லை அனுமதித்தார். அதுவும் இந்தப் பத்திரிகை இதுவரை ஏற்கவில்லை, இப்போது வருத்தத்தோடு விட்டுக்கொடுக்கிறது என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு. நட்சத்திரங்களுக்கே எடை வரம்பு விதித்தவருக்கு ஒரு சொல் எம்மாத்திரம்!

விளக்கு கிடைத்தாயிற்று. இனிக் குறுக்கே நிற்பவர்கள். 1966ல் 3சி 191 என்ற குவாசரின் ஒளியில் கறுப்புக் கோடுகள் அகப்பட்டன. கண்டவர்களில் ஒருவர் மார்கரெட் பர்பிட்ஜ். குறுக்கே நிற்பவர்களைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் பெண்கள் தொலைநோக்கியைத் தொடக்கூடாது என்று ஒரு காலத்தில் விதி. எனவே 1950களில் கணவர் ஜெஃப்ரி பர்பிட்ஜ் பெயரில் விண்ணப்பம் போட்டு, அவருடைய ‘உதவியாளராக’ மார்கரெட் மலையேறினார். ஜெஃப்ரி கோட்பாட்டுக்காரர், காகிதமும் பேனாவும் அவர் ஆயுதம். இரவெல்லாம் தொலைநோக்கியை ஓட்டியது உதவியாளர். தனிமங்கள் நட்சத்திரங்களுக்குள் எப்படி வேகின்றன என்று 1957ல் வந்த பிரசித்தமான கட்டுரையில் முதல் பெயர் அந்த உதவியாளருடையதுதான்.

கோடுகள் வந்தன, சண்டையும் வந்தது. கறுப்புக் கோடு போடுவது நடுவழியில் நிற்கும் வாயுவா, குவாசர் தானே துப்பியதா? பல குவாசர்களின் கோடுகள் 1.95 என்ற ஒரே செம்பெயர்ச்சியில், அதாவது சிவப்புப் பக்கம் ஒரே அளவு தள்ளி, விழுவதாக ஜெஃப்ரி பிடித்துக்கொண்டார். நடுவழி மேகங்கள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டு ஒரே எண்ணிலா நிற்கும் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி, 3சி 191 விஷயத்தில் அந்த வாயு குவாசரின் சொந்தச் சரக்குதான். ஆனால் அதையே பிடித்துக்கொண்டு குவாசர்கள் அத்தனை தூரத்தில் இல்லவே இல்லை என்று அவர் வாதாடியதுதான் உதைத்தது. மேலும் குவாசர்கள் அகப்பட, 1.95ன் மகிமை கரைந்தது. 2010ல் சாகும்வரை அவர் பெருவெடிப்பை ஒப்புக்கொள்ளவில்லை. அசைக்க முடியாத மனுஷர்.

இதற்கிடையே வானியலாளர்கள் பாகாலும் ஸ்பிட்சரும் 1969லேயே சொல்லிவிட்டார்கள்: விண்மீன் திரள்களைச் சுற்றி நாம் நினைத்ததைவிடப் பெரிய வாயுப் போர்வை இருக்கிறது, கோடுகள் அங்கேதான் பிறக்கின்றன. 1971ல் ரோஜர் லிண்ட்ஸ் ஒரே குவாசரில் ஹைட்ரஜன் கோடுகள் காடு போல் அடர்ந்திருப்பதைக் கண்டார். லண்டனிலிருந்து அலெக் பாக்சன்பர்க், ஒளித்துகளை ஒவ்வொன்றாக எண்ணும் தன் கருவியை மூட்டை கட்டிப் பாலோமருக்குத் தூக்கிக்கொண்டு போனார். 1980ல் அவரும் வால் சார்ஜென்ட்டும் கூட்டாளிகளும் அந்தக் காடு குவாசருடையதல்ல, வழியெங்கும் பரவிய வாயு என்று காட்டியபோது பெரும்பாலோருக்குச் சண்டை முடிந்தது.

இந்த வியாபாரத்தில் ஒரு விசித்திரமும் உண்டு. ஹைட்ரஜனின் முக்கியமான கோடு 121.6 நானோமீட்டரில், ஆழ்ந்த புற ஊதாவில் கிடக்கிறது. நம் காற்று மண்டலம் அதை உள்ளே விடாது. ஆனால் ஆயிரம் கோடி ஒளியாண்டு ஓடிவரும் கோடு இழுபட்டு, கண்ணுக்குத் தெரியும் நிறமாகி, மலைமேல் இருக்கும் தொலைநோக்கியில் வந்து விழும். அதனால் அடுத்த தெரு வாயுவைப் பார்க்க விண்வெளிக்கு ராக்கெட் விட வேண்டும். பிரபஞ்சத்தின் மறுகோடியைத் தரையிலிருந்தே பார்க்கலாம்.

1986ல் ஆர்ட் வுல்ஃப் குழு கனத்த மேகங்களைத் தேடிப் பிடித்தது. ஹைட்ரஜன் அங்கே அவ்வளவு தடித்து நிற்பதால் கோடு கோடாக இராது, பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் ‘உலோகங்களை’த் தேட வேண்டும். வானியலாளர்களுக்கு ஹீலியத்தைத் தாண்டியதெல்லாம் உலோகம், ஆக்சிஜன்கூட. வேதியியல் வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார். இரும்பை நம்பினால் ஏமாற்றம்: அது தூசியில் ஒட்டிக்கொண்டு ஒளியில் தலைகாட்டாமல் பதுங்கும். குரோமியமும் அதே களவாணி. துத்தநாகம்தான் யோக்கியம், அவ்வளவாக ஒட்டாது. மாக்ஸ் பெட்டினியும் சகாக்களும் 1990களில் துத்தநாகத்தை எண்ணி, அந்தப் பழைய வாயுவில் உலோகம் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்று கணக்குச் சொன்னார்கள்.

பிறகு டியூட்டிரியம் ரகளை. இந்தக் கனத்த ஹைட்ரஜனின் அளவு தெரிந்தால் பெருவெடிப்பில் எவ்வளவு பொருள் பிறந்தது என்று தெரிந்துவிடும். 1994ல் ஒரு குழு அதிகம் என்றது; 1996ல் டேவிட் டைட்லரின் குழு, அதில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்குதான் என்றது. டியூட்டிரியத்தின் கோடு ஹைட்ரஜன் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும். சரியாக அதே இடத்தில் ஏதாவது ஒரு குட்டி ஹைட்ரஜன் மேகம் வந்து நின்றால், பார்ப்பவருக்கு அதுவே டியூட்டிரியமாகத் தெரியும். டைட்லரின் கணக்குதான் நிலைத்தது.

2003ல் ஜேசன் புரொசாஸ்கா, கிறிஸ் ஹௌக், வுல்ஃப் மூவரும் ஒரே தொலைதூரத் திரளில் போரான், ஜெர்மானியம் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை எடுத்துக் காட்டினார்கள். முழு மளிகைக்கடையே அகப்பட்டாயிற்று, போதும் என்று நிறுத்தியிருக்கலாம். புரொசாஸ்கா நிறுத்தவில்லை. 2011ல் மிக்கேல் ஃபுமகாலி, ஜான் ஓமியாரா ஆகியோருடன் அவர் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையின் சாரம், பெருவெடிப்புக்கு ஏறக்குறைய இருநூறு கோடி ஆண்டுக்குப் பிந்தைய இரண்டு மேகங்களில் உலோகம் என்று எதுவுமே அகப்படவில்லை என்பது. கார்பன் இல்லை, ஆக்சிஜன் இல்லை, சிலிக்கன் இல்லை. இருந்தால் சூரியனில் இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள்தான். ஒன்றில் ஹைட்ரஜனோடு டியூட்டிரியம் மட்டும் தென்பட்டது, பெருவெடிப்புக் கணக்கு சொன்ன அளவிலேயே.