இன்னும் குறையும் மக்கா

மண்டைக்காட்டு அம்மனுக்கு மாசிக் கொடை பத்து நாள். பத்தாம் நாள் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குக் குமரி மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, நள்ளிரவில் ஒடுக்கு பூஜை. 2023-இல் அது மார்ச் 14. அடுத்த ஆண்டு மார்ச் 12. அதற்கும் அடுத்த ஆண்டு மார்ச் 11. இந்த மூன்று ஆண்டும் கொடை முடிந்த வியாழக்கிழமை இரவு பத்தரைக்கு, ஸ்டீம் என்கிற கணினி விளையாட்டுக் கடை தன் வசந்த காலத் தள்ளுபடியைத் திறந்தது. தற்செயல் என்று நீங்களும் நானும் சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம். எங்கள் தெருவில் அப்படிப் போகாத ஒருவர் இருக்கிறார்.

பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பாதிவிலை அண்ணன். அதில் அவருக்கு வருத்தம் உண்டு. பாதி விலைக்கு அவர் எதையுமே வாங்கியதில்லை. முக்கால் பங்கு குறைந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

திங்கள்சந்தையில் கணினி பழுது பார்க்கும் சின்னக் கடை. பக்கத்துக் கடைக்காரர் பேப்பரைப் பிரித்ததும் ரப்பர் ஷீட் விலையைத் தேடுவார். அண்ணன் ஸ்டீம்டிபி தளத்தைத் திறந்து, எந்த விளையாட்டு எந்த மாதம் எவ்வளவுக்கு இறங்கியது என்ற வரலாற்றைப் படிப்பார். சாயாவை நடுவில் வைத்துக்கொண்டு நாலு ஊர்ப் பையன்களும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள்.

"அண்ணே, இந்த கேமுக்கு அறுபது பெர்சன்ட் போட்டிருக்கான். எடுக்கட்டா?"

"எப்பம் வந்தது?"

"போன வருசம்."

"அவசரப்படாத. ஆனியில எழுபது வரும்."

"வரலேன்னா?"

"மார்கழியில வரும்."

"எனக்கு இப்பம் வெளையாடணும்ணே."

"அதுதாம்ல உனக்க தீனம்."

பொறுமைக்கு அவரிடம் ஒரு வேதாகமமே உண்டு. அதன் பெயர் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பரில் உலகமே காத்திருந்து முழு விலைக்கு வாங்கிய விளையாட்டு அது. வந்த வேகத்தில் எங்கு பார்த்தாலும் பிழை. ஒரே வாரத்தில் சோனி அதைத் தன் கடையிலிருந்து தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது. ஒழுங்காகச் சீர்பட்டு 2.0 என்று வர 2023 செப்டம்பர் ஆயிற்று. அதற்குள் விலையும் இறங்கியிருந்தது. "முதல்ல வாங்குகவன் காசும் குடுத்து கூலியில்லாம சோதிச்சும் தாறான். நாம பைய போனா போதும்" என்பார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வதில் குற்றம் காண எனக்கு வழி தெரியவில்லை. விளையாட்டு ஒன்றும் மீன் இல்லை, இரண்டு வருஷம் கிடந்தால் கெட்டுப்போவதற்கு. கிடக்கக் கிடக்கத் திருத்தம் வரும், கூடுதல் பாகங்களும் சேர்ந்து ஒரே கட்டாக வரும்.

துணிக்கடைத் தள்ளுபடியை மட்டும் அவர் மதிப்பதில்லை. ஆனியில் ஏற்றி ஆடியில் இறக்கும் வித்தை அது என்பார். ஸ்டீமில் அது நடக்காது. விலையை ஏற்றினால் முப்பது நாளைக்குத் தள்ளுபடி போடக் கூடாது என்று விற்பவனுக்குச் சட்டமே இருக்கிறது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நல்லாட்சியைக் கண்ட பிரஜையின் நிம்மதி தெரியும்.

வாங்கத் தகுமா என்பதற்கு அவர் போடும் கணக்கு மணிக்கணக்கு. விளையாட்டை முடிக்க எத்தனை மணி நேரம் ஆகும் என்று பார்த்து, விலையை அதனால் வகுப்பார். மணிக்குப் பத்து ரூபாய்க்குக் கீழே வந்தால் 'கொள்ளாம்'. மேலே போனால் 'சவத்த தூரப் போடு'. இந்த வகுத்தலுக்கு அவர் செலவழித்த ராத்திரிகளை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று யாரும் இதுவரை கேட்கவில்லை.

அவர் கணக்கில் இருநூறுக்கு மேல் விளையாட்டுகள் சேர்ந்துவிட்டன. முக்கால்வாசியை அவர் இன்னும் இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 மட்டும் 150 ஜிபி இடம் கேட்கிறது. அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் அதற்கு இடமில்லை. புதிய டிஸ்க் வாங்கலாம்தான், ஆனால் அதற்கும் தள்ளுபடி வரவேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அவர் உண்மையில் ஆடுவது முஸ்தபா. 1993-இல் கேப்காம் வெளியிட்ட அந்தப் பழைய டைனோசர் ஆட்டம்தான். வாங்குகிற விதத்தில் அவருடைய அம்மா வேறு ரகம். சாளை வாங்கும்போது விலை கேட்கும் முன்னே செவிளைத் தூக்கிப் பார்ப்பார். மகன் விலையை மட்டும் நூறு தடவை தூக்கிப் பார்ப்பார்.

ஓசி என்றால் நிலைமை இன்னும் மோசம். எபிக் என்கிற இன்னொரு விளையாட்டுக் கடை வியாழன்தோறும் ஏதாவது ஒரு விளையாட்டை இனாமாகக் கொடுக்கிறது. 2020 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், ஜிடிஏ 5-ஐ இனாமாக அறிவித்தபோது கூட்டம் தாங்காமல் அந்தத் தளமே படுத்துவிட்டது. அண்ணன் விடவில்லை. விடிய விடிய உட்கார்ந்து வாங்கியதோடு, அம்மா பெயரிலும் ஒரு கணக்குத் திறந்து இன்னொன்றை வாங்கி வைத்தார். ஆக, செவ்வாயும் வெள்ளியும் அம்மன் கோயிலுக்குப் போகிற அந்த எழுபது வயது அம்மாளுக்கு, அவருக்கே தெரியாமல், கார் திருடும் விளையாட்டு ஒன்று சொந்தமாக இருக்கிறது.

சொந்தம் என்று சொல்லலாமா என்பதிலும் தகராறு. 2024 முதல் ஸ்டீமில் காசு கட்டுகிற இடத்திலேயே, நீ வாங்குவது உரிமம்தான், பொருள் அல்ல என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கணக்கை இன்னொருவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. ஒருநாள் இதை அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு அந்த அம்மாள் கேட்டது ஒரே கேள்வி: "அப்பம் இது கிரயமா, ஒத்தியா?"

"ரெண்டும் இல்லம்மா."

"ஒத்தின்னா வச்ச பைசாவாவது திரும்பி வரும்லே."

அண்ணனின் மணிக்கணக்குச் சட்டத்தை உடைத்தது ஒரு தமிழ் விளையாட்டு. 2023 ஜூலையில் டொராண்டோவின் விசை கேம்ஸ் வெளியிட்ட 'வெண்பா'. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மா தந்த சமையல் நோட்டு கிழிந்தும் அழிந்தும் கிடக்கிறது. விட்டுப்போனதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்யவேண்டும். அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பாஃப்டா விருது வாங்கியது. ஆனால் மொத்தமே ஒன்றரை மணி நேரம். எவ்வளவு தள்ளுபடியில் வகுத்தாலும் மணிக்குப் பத்து ரூபாய்க்குக் கீழே வரவில்லை.

அப்போது ஒரு பையன் வழி சொன்னான். வாங்கிப் பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாமே! அண்ணனுக்குப் பொறி தட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கி உட்கார்ந்தார். இட்லி நல்லபடி முடிந்தது. புட்டு வந்தபோது பின்னால் அம்மா வந்து நின்றார்.

"லேய், சில்லு போடாம மாவ அள்ளிப் போடுகியே. கீழ கொட்டாதா?"

அதற்குமேல் மவுஸ் மகன் கையில் இல்லை. அம்மாள் புட்டை அவித்தார், பிரியாணியை விமர்சித்தார், கதையில் அந்தப் பையன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாததற்கு மகனைத் திட்டினார். முடிந்ததும் புட்டு வந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார், பக்கத்து வீட்டுச் சித்திக்குக் காட்டவேண்டுமாம். கணக்கு இரண்டே கால் மணி நேரம் காட்டியது. திருப்பிக் கொடுக்கும் வழி அடைந்துபோயிற்று. மணி கூடினதால் விகிதம் குறைந்திருக்கிறதே என்று நான் ஆறுதல் சொன்னேன். அவர் அதை ஏற்கெனவே வகுத்து வைத்திருந்தார்.

அவரால் இன்னும் முடிவெடுக்க முடியாத விளையாட்டு ஒன்றே ஒன்றுதான்: செக் நாட்டில் செய்த ஃபேக்டோரியோ. தொழிற்சாலை கட்டிக்கொண்டே போகலாம், நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓடும். அவர் கணக்குப்படி முழு விலை கொடுத்தாலே மணிக்குப் பத்து ரூபாய்க்கு வெகு கீழே வரும். ஆனால் தள்ளுபடியே கிடையாது என்பது அதைச் செய்தவர்களின் கொள்கை. இறக்காதது மட்டுமல்ல, 2023 ஜனவரியில் 30 டாலரை 35 ஆக ஏற்றினார்கள். விலைவாசி கூடிப்போச்சாம். அண்ணன் அன்றைக்குக் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டார்.

"வாங்கிர வேண்டியதுதானே? கணக்கு சரியாத்தான வருது" என்றேன்.

"வாங்கலாம். ஆனா, ஒருத்தன் எறங்க மாட்டேன்னு நிக்கும்போ நாம போய் வாங்கப்பிடாது."

"அவங்க கடைசி வரைக்கும் எறங்காட்டா?"

"எறங்குவான். அவனுக்க வீட்டுலயும் ஒரு பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணம் வரும்லா" என்றார் அண்ணன்.