இனிஷியலும் முற்றுப்புள்ளியும்: வெடிமருந்து ஆய்வேடுகளின் மேற்கோள் பட்டியல் குறித்து ஒரு முதற்கட்ட விசாரணை

வெடியுப்பு, கந்தகம், அலுமினிய பவுடர் மூன்றையும் எந்த விகிதத்தில் கலந்தால் எவ்வளவு உராய்வுக்குத் தீப்பிடிக்கும் என்பதைச் சிவகாசி வட்டாரத்தில் அளந்து பார்த்தவர்கள் உண்டு. சிவகாசி மெப்கோ ஷ்லெங்க் பொறியியல் கல்லூரியும் கிருஷ்ணன்கோவில் கலசலிங்கமும் 1984-ல் தொடங்கியவை. பட்டாசு ஆபீஸ்கள் சூழ்ந்த ஊரில் ஆய்வு மாணவர்கள் வேறு எதைத்தான் அளப்பார்கள்? ஆனால் அந்த ஆய்வேடுகளின் கடைசி மூன்று பக்கங்களை யாரும் அளக்கவில்லை. மருந்துக் கலவையைவிட உணர்திறன் கூடிய பொருள் மேற்கோள் பட்டியல்தான் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கலவையில் பிழை இருந்தால் மதிப்பீட்டாளர் கண்டுபிடிக்க ஆறு மாதம் ஆகிறது. பட்டியலில் ஒரு கமா இடம் மாறினால் கட்டுரை மறுநாளே திரும்பி வந்துவிடுகிறது.

முதலில் வரலாறு. ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போடும் வழக்கத்தை ஹார்வர்டு விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881-ல் தொடங்கிவைத்தார் என்பார்கள். அந்தக் கட்டுரை ஓடில்லா நத்தையின் முட்டை வளர்ச்சி பற்றியது. எண் போட்டு அடுக்கும் முறைக்கு, 1978-ல் மருத்துவ இதழாசிரியர்கள் கூடிய வான்கூவர் நகரத்தின் பெயர். ஆக, அணுகுண்டு வெடியின் வேகத்தை எழுதுகிற சிவகாசி மாணவன் நத்தை வழி நடப்பதா, கனடா வழி நடப்பதா என்பதை இதழ்தான் முடிவு செய்கிறது.

நம் முன்னோர் இதில் தாராளமாக இருந்தார்கள். தொல்காப்பியர் தமக்கு முந்திய இலக்கணக்காரர்களைப் பெயர், ஆண்டு, பக்கம் எதுவுமின்றிப் ‘புலவர்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார். நச்சினார்க்கினியர் உரையில் பாட்டு வரும். எந்த நூல் என்பது பல இடங்களில் வராது. சீவக சிந்தாமணியை 1887-ல் பதிப்பித்த உ.வே.சா. அந்த ஊர்பேர் தெரியாத வரிகளின் மூலத்தைத் தேடியே சங்க நூல்களுக்குள் போனார். 1894-ல் புறநானூறும் அச்சேறியது. நச்சினார்க்கினியர் இன்றைக்குக் கட்டுரை அனுப்பியிருந்தால் மதிப்பீட்டுக்கே போயிருக்காது. வார்ப்புருவைப் பின்பற்றவில்லை என்று முதல் மேசையிலேயே திருப்பியிருப்பார்கள்.

இதழ்ப் பெயர்ச் சுருக்கத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதற்கென்று ஐஎஸ்ஓ 4 என்று ஒரு சர்வதேசத் தரமே இருக்கிறது. எந்தத் தரமும் இல்லாமல் ஸ்ரீவில்லிபுத்தூரை ‘ஸ்ரீவி’ என்றும் இராஜபாளையத்தை ‘ராஜை’ என்றும் சுருக்கி, யாரும் பஸ் மாறி ஏறாத மாவட்டம் இது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம்.

சிக்கலின் மையம் இனிஷியல். மாரியப்பன் மகன் காளிராஜ் என்று ஒரு மாணவரை வைத்துக்கொள்வோம். ஊரில் அவர் மா. காளிராஜ். இதழின் இணையப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்து இரண்டிலும் சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கிறது. இனிஷியலை விரித்துக் ‘காளிராஜ் மாரியப்பன்’ என்று நிரப்புகிறார். கட்டுரை வெளியாகிறது. அடுத்து வருபவர் அதை ‘மாரியப்பன், கே.’ என்று மேற்கோள் காட்டுகிறார். தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியே பிள்ளையைப் படிக்கவைத்த மாரியப்பன், தாம் அறியாமலே வெப்பவியல் அறிஞர் ஆகிவிடுகிறார். அடுத்த கட்டுரையில் சுதாரித்துக்கொண்டு மகன் ‘காளிராஜ், எம்.’ ஆகிறார், அதில் தம் பழைய கட்டுரையையும் சேர்க்கிறார். கணினிக் கணக்கின்படி இது தற்புகழ்ச்சி அல்ல, மகன் தகப்பனை மேற்கோள் காட்டுவது. பெண் ஆய்வாளருக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறினால் அப்பா, கணவர், தான் என்று மூவர் அறிவியலுக்குத் தொண்டாற்றுகிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 2012-ல் ஆர்கிட் என்ற பதினாறு இலக்க எண் வந்தது. காளிராஜிடம் அது இரண்டு இருப்பதாகக் கேள்வி.

மனிதருக்கே இந்தக் கதி என்றால் நிறுவனங்களை என்ன சொல்ல? 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் வழிவிட்டுத் தீர்ப்பளித்தது. பேரியம் உப்புக்குத் தடை வந்தது. வட்டாரத்தில் ‘பச்சை உப்பு’ என்றால்தான் புரியும். அதன்பிறகு பசுமைப் பட்டாசைப் பற்றி எழுதுபவர் அந்தத் தீர்ப்பைக் காட்டாமல் முன்னுரையைத் தாண்ட முடியாது. மேற்கோள் மென்பொருளில் ‘சுப்ரீம் கோர்ட்’ என்று தட்டினால் அது தன் கடமையைச் செய்கிறது: ‘கோர்ட், எஸ்., 2018.’ கோர்ட் குடும்பத்தில் பிறந்த எஸ் என்பவர், ஆங்கில அகர வரிசைப்படி காளிராஜுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறார். காளிராஜின் வழிகாட்டி அதைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது, பக்க எண்களுக்கு நடுவே இருக்க வேண்டிய நீளக் கோடு சிறுகோடாக இருந்ததை. நாற்பத்தேழு மேற்கோளிலும் மாற்றச் சொன்னார்.

இங்கே சிவகாசி அச்சாபீஸ்களின் அனுபவம் கைகொடுக்கிறது. பட்டாசு லேபிளின் புரூஃப் பார்ப்பவர் மயில் கழுத்தின் நீலத்தைப் பார்ப்பார், எழுத்தைப் பார்ப்பார். பெட்டிக்குள் மருந்து இருக்கிறதா என்பது அவர் வேலை அல்ல. மேற்கோள் பட்டியலும் அப்படியே திருத்தப்படுகிறது. நிரூபணம்: எல்சேவியர் பதிப்பகம் தன் எழுத்தாளர்களுக்குக் கொடுத்த வழிகாட்டியில், மேற்கோள் இப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி அச்சிட்டிருந்தது. அறிவியல் கட்டுரை எழுதும் கலை பற்றி வான் டெர் கீர் முதலான மூவர் 2000-ல் எழுதியது, தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை. அப்படியொரு கட்டுரையே கிடையாது. அந்த இதழும் கிடையாது. ஆனாலும் ஏறத்தாழ 400 ஆய்வுகள் அதை மேற்கோள் காட்டியிருந்தது 2017-ல் அம்பலமானது. லேபிள் மட்டும் குறையே இல்லாமல் இருந்தது.

படிக்காமலே எடுத்துப் போடுவதற்கும் அளவு உண்டு. 2003-ல் சிம்கின், ராய்சவுத்ரி என்ற இருவர், ஒரே அச்சுப்பிழை ஒரு பட்டியலிலிருந்து அடுத்ததற்கு எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட்டு, மேற்கோள் காட்டுபவர்களில் ஏறத்தாழ 20 சதவீதம் பேர்தான் மூலத்தைப் படிக்கிறார்கள் என்றார்கள். இந்த முடிவை எடுத்தாண்டவர்களில் எத்தனை சதவீதம் பேர் அவர்கள் கட்டுரையைப் படித்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. அதற்கு நிதி கேட்டு விண்ணப்பிக்க உள்ளோம்.

களநிலை முடிவு: காளிராஜின் கட்டுரையை முதல் இதழ் மறுத்தது. இரண்டாவது இதழ் எண்முறை கேட்டது. அகர வரிசையைக் கலைத்து, வரும் வரிசைக்கு மாற்ற இரண்டு இரவு போயிற்று. அதன்பின் இரண்டாம் மதிப்பீட்டாளரின் கடிதம் வந்தது. கலவை விகிதம் பற்றி அவருக்குக் கேள்வி ஏதும் இல்லை. முன்னுரையின் முதல் வாக்கியத்திலேயே நான்கு முக்கியமான ஆய்வுகள் விடுபட்டிருப்பதாகவும், சேர்த்தால் கட்டுரை வலுப்பெறும் என்றும் எழுதியிருந்தார். சேர்த்தால் ஒன்று முதல் நாற்பத்தேழு வரை எல்லா எண்ணும் மாறும். மதிப்பீட்டாளர் யார் என்பது ரகசியம். நான்கு கட்டுரையிலும் இனிஷியல் ஒன்றே.