சொன்னவர் எவருமிலர்

ஸான்ஸிபார்த் தீவின் பழைய நகரமாகிய ஸ்டோன் டவுனில் இருவர் எதிர்ப்பட்டால் முதலிற் பிறக்கும் வார்த்தை ‘ஹபாரி’. ‘என்ன சமாசாரம்?’ என்று கேட்பதுதான் அது. ஆயினும், வீட்டுக் கூரையே பறந்து போயிருந்தாலும் ‘ந்ஸூரி’, அதாவது க்ஷேமம், என்று சொல்லிவிட்டு நடப்பதே அங்கே கண்ணியம். இந்த உபசாரக் கேள்வியை மெய்யான கேள்வியாகவே பாவித்து, தம்முடைய க்ஷேமத்தை விடுத்து ஊரார் அனைவருடைய க்ஷேமலாபங்களையும் விஸ்தாரமாக எடுத்துரைக்கும் பரோபகாரியைச் சுவாஹிலி ஜனங்கள் ‘ம்பேயா’ என்பார்கள். அவர் காதில் விழும்படி அல்ல.

வீட்டுச் சுவரை ஒட்டி நீளக் கட்டிய ‘பராஸா’ என்னும் கல் திண்ணையே அவருடைய ஆஸ்தானம். பிடியில்லாத சிறு கோப்பையிலே கடுங்காப்பியை உறிஞ்சி, அந்தக் கசப்புக்கு மாற்றாகக் ‘கஷாட்டா’ என்னும் கடலை மிட்டாயைக் கடித்து, இருபுறமும் பார்த்து, நான்கு வீட்டுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திக்கொண்டு, ‘வனசேமா...’ என்று தொடங்குவார். ‘சொல்கிறார்கள்’ என்பதற்குமேல் ஆதாரம் கேட்பது அநாகரிகம்.

அவருக்கும் ஒரு தர்மம் உண்டு. இல்லாததைக் கற்பிக்கும் ‘ம்ஸூஷி’யையும், இருவரை மூட்டிவிடும் ‘ம்ஃபித்தினி’யையும் பிரஸ்தாபித்தாலே முகம் சுளிப்பார். தாம் சரக்கை உற்பத்தி செய்பவரல்லர், விநியோகிப்பவர் மாத்திரமே என்பது அவர் கட்சி. வழியில் அது சற்றே பருத்துவிட்டால் அவர் என்ன செய்வார்?

ஸ்திரீகளின் சாமர்த்தியம் இதனினும் சூட்சுமமானது. அவர்கள் உடுத்தும் ‘காங்கா’த் துணியின் ஓரத்திலே ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும், அண்டை வீட்டுக்காரிக்குத் தைக்கும் வாசகமாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, அவள் வாசல் வழியே இரண்டு தரம் நடந்தால் காரியம் முடிந்தது. ‘தாராப்’ கச்சேரியிலோ, பாடகி ‘மிபாஷோ’ என்னும் வசைப்பாட்டின் தக்க அடிக்கு வரும் சமயத்தில், ஒருத்தி கையில் நோட்டை ஏந்தி, ஆடி அசைந்து சென்று சன்மானம் அளிப்பாள். அடி யார்மேல் விழுந்தது என்பதைச் சபை முழுதும் அறியும். பட்டவள் சண்டைக்கு வந்தாலோ, ‘வாசகம் துணியில் உள்ளது, பாட்டுப் பாடகியுடையது, உனக்கேன் சுடுகிறது?’ என்னும் பதில் சித்தமாயிருக்கும்.

ஆக, அந்தத் தீவில் சொல்லப்படாதது ஒன்றுமில்லை, சொன்னவர்தாம் எவருமிலர். ம்பேயாவை நிந்திக்காதவரும் இலர். ஆயினும் அவர் காய்ச்சலாய்ப் படுத்துவிட்டால், அதிகம் நிந்தித்தவர்களே முதலில் வந்து கட்டிலருகே உட்காருகிறார்கள். அந்தக் காய்ச்சலுக்கான காரணத்தைக் குறித்தும் பராஸாவில் மூன்று பாடபேதங்கள் உலவுகின்றன. அவற்றுள் எது அதிகம் நம்பப்படுகிறது என்று அறிந்துகொள்ளும்வரை அவர் மருந்து உட்கொள்வதில்லை.